சுவிஸ் மலைக் கோவில்களுக்கு நாலு நாள் நடை: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஆல்ப்ஸில் நடக்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், கயிறு, பனிக்கோடாரி, பனிச்சரிவு என்று பயமுறுத்த நாலு பேர் வருவார்கள். இது அந்த மாதிரி நடை இல்லை, கத்தோலிக்கக் கோவில்களைத் தொட்டுக்கொண்டு போகும் பழைய யாத்திரைப் பாதை. தினமும் ஐந்தாறு மணி நேரம் நடக்கவும் இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏறவும் முடிந்தால் போதும். மலையை விட இங்கே உங்களைச் சோதிக்கப் போவது கடிகாரம்தான். கோவிலில் பாடும் நேரம், கடைசிக் கப்பல், சமையலறை மூடும் நேரம், ஞாயிற்றுக்கிழமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிக்கணக்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்தப் பாதை?

ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகப்பர் (இயேசுவின் சீடர் யாக்கோபு) கல்லறைக்கு ஐரோப்பாவின் எல்லாத் திசையிலிருந்தும் பழைய யாத்திரைப் பாதைகள் போகின்றன. அதில் சுவிட்சர்லாந்து வழியாகப் போகும் பாதைக்கு ‘வியா யாக்கோபி’ என்று பெயர். கிழக்கே கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் தொடங்கி மேற்கே ஜெனீவா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும். முழுவதும் நடக்க வாரக்கணக்கில் விடுப்பு வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது நடுவில் இருக்கும் நாலு நாள் துண்டு: ராப்பர்ஸ்வில், ஐன்ஸீடெல்ன், புருன்னென், ஷ்டான்ஸ், கடைசியாக ஃப்ளூயெலி-ரான்ஃப்ட் வழியாக ஸாக்செல்ன். இரண்டு பெரிய யாத்திரைத் தலங்கள், ஒரு கணவாய், ஒரு கப்பல் பயணம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். எந்த இடத்தில் முடியவில்லை என்றாலும் கொஞ்ச தூரத்தில் பஸ்ஸோ ரயிலோ கிடைக்கும் என்பது இன்னொரு வசதி.

எப்போது போவது?

மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. அதற்கு முன்னால் கணவாயில் பனி கிடக்கலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் பகல் நீளம்தான், ஆனால் பிற்பகலில் இடியுடன் மழை பிடிக்கும். உயரமான இடத்தை மதியத்துக்குள் கடந்துவிட வேண்டும் என்பது அந்த மாதங்களுக்கு எழுதாத சட்டம். எனக்குப் பிடித்தது செப்டம்பர். ஆனால் அதில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14ஆம் தேதி ஐன்ஸீடெல்னில் திருவிழா, 25ஆம் தேதி ஃப்ளூயெலியிலும் ஸாக்செல்னிலும் புனித நிக்லவுஸ் (இந்த ஊர்த் துறவி, கதை நாலாம் நாளில்) திருவிழா. கூட்டத்தோடு கும்பிட ஆசைப்படுபவர்கள் அந்த நாளுக்கே போகலாம், ஆனால் அறையை வெகு முன்னதாகப் பிடித்துவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. இது சிம் கார்டில்தான் வம்பாகும். ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று விற்கும் பல டேட்டா பேக்குகளில் சுவிஸ் சேர்ந்திருக்காது, வாங்கும்போதே கேளுங்கள்.

பையின் எடை தண்ணீரோடு சேர்த்து 8 கிலோவைத் தாண்ட வேண்டாம். இரண்டு செட் உடுப்பு, ஒரு கம்பளிச் சட்டை, நல்ல மழைக்கோட்டு, தொப்பி, பிளாஸ்டர், டார்ச். ஷூ புதிதாக இருக்கக் கூடாது. ஊரிலேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்கியதாக இருக்க வேண்டும். மடக்கும் கைக்கோல் ஒரு ஜோடி கட்டாயம், ஏன் என்பது இரண்டாம் நாளில் தெரியும். கிளம்புவதற்கு முதல் நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துப்போவது புதியவர்களுக்கு வழக்கமாக வரும் தொல்லை.

ரயில், பஸ், கப்பல் மூன்றுக்கும் நேரம் பார்க்கவும் டிக்கெட் எடுக்கவும் சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. ஆப் ஒன்று போதும். பாதைக்கு ‘சுவிட்சர்லாந்து மொபிலிட்டி’ ஆப், வானிலைக்கு ‘மீட்டியோ சுவிஸ்’. ஆபத்து என்றால் 112. மலை மீட்பு ஹெலிகாப்டர் சேவையான ரெகாவின் எண் 1414. நீங்கள் ஏறப்போகும் ஹாகெனெக் கணவாயின் உயரமும் 1414 மீட்டர்தான், அதனால் மறக்காது.

யாத்திரைப் பாஸ்போர்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோவில்களிலும் தங்குமிடங்களிலும் முத்திரை குத்திக்கொள்ளும் சின்ன அட்டை அது. மலைச் சிற்றாலயங்களில் முத்திரையும் மைப்பெட்டியும் பெரும்பாலும் வாசலருகே ஒரு மேசையில் இருக்கும். நாமே குத்திக்கொள்ள வேண்டியதுதான். மை காய்வதற்குள் மூடிவிட்டால் எதிர்ப்பக்கமும் சந்தியாகப்பர் மயமாகிவிடும்.

பணம்: சுவிஸ் விலைவாசி சுருக்கென்று தைக்கும். உட்கார்ந்து சாப்பிடும் சாதாரண இரவுச் சாப்பாடே 25 பிராங்கைத் தாண்டிவிடும். மதியத்துக்கு ரொட்டி, சீஸ், பழம் என்று மிக்ரோஸ் அல்லது கோப் கடையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்வது. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஊருக்கு ஊர் கல்தொட்டியில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். ‘கைன் டிரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள் விதிவிலக்கு, ஆனால் நம் பாதையில் அப்படிப் பெரிய நிலையம் எதுவும் இல்லை. மலை விடுதிகளுக்கு வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு, பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய். சூடான சாப்பாடு மதியம் 12 முதல் 1.30 வரை, இரவு 6 முதல் 8 வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு வந்து பசிக்கிறது என்று நின்றால் சூப்கூடக் கிடைக்காமல் போகலாம். பாதயாத்திரை என்றதும் வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தலை எதிர்பார்க்கும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் ரோஷ்டி (உருளைக்கிழங்கைத் துருவி வறுத்தது) அல்லது ஆல்ப்லர்மக்ரோனென் கேட்கலாம். பின்னது மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், க்ரீம், வறுத்த வெங்காயம், பக்கத்தில் ஆப்பிள் கூழ். இரண்டிலும் சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள். ‘ஓனே ஷ்பெக்’ என்று சொன்னால் போடாமல் தருவார்கள்.

பலகை படிக்கும் விதம்

வழி தவறுவது இந்தப் பாதையில் கொஞ்சம் கஷ்டம். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரும் பக்கத்தில் நேரமும் இருக்கும். கிலோமீட்டர் இருக்காது. அந்த நேரம் ஓய்வைச் சேர்க்காதது, சுவிஸ்காரர் நடைக்குப் போட்டது. முதல் நாள் உங்கள் நடையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலகை ஒரு மணி சொன்ன இடத்துக்கு ஒன்றேகால் ஆனால், மீதி மூன்று நாளும் அதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். பச்சைச் சதுரத்தில் 4 என்று இருந்தால் அதுதான் வியா யாக்கோபி. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டிருப்பது செங்குத்தான மலைப்பாதை, கவனமாகப் போக வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடுங்கள், அது கயிறு பிடித்து ஏறும் பழக்கம் உள்ளவர்களுக்கு.

மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே பாதை போகும். மின்வேலி குறுக்கே வந்தால் பிளாஸ்டிக் கைப்பிடி ஒன்று கம்பியின் முனையில் இருக்கும். அதைப் பிடித்துக் கழற்றி, உள்ளே போய், மறக்காமல் திரும்ப மாட்டிவிட வேண்டும். கன்றோடு மாடு நின்றால் இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள், செல்ஃபி ஆசையும் வேண்டாம். அப்புறம், எதிரே யார் வந்தாலும் ‘க்ரூயெட்ஸி’ என்று வணக்கம் சொல்வார்கள். நீங்களும் சொல்லுங்கள்.

முதல் நாள்: ராப்பர்ஸ்வில் முதல் ஐன்ஸீடெல்ன் வரை

சூரிச்சிலிருந்து ராப்பர்ஸ்விலுக்கு ரயிலில் முக்கால் மணிக்குள் வந்துவிடலாம். நிலையத்திலிருந்து ஏரிக்கரைக்கு நடந்தால் 841 மீட்டர் நீள மரப்பாலம். 14ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் கோமகன் நான்காம் ருடால்ஃப் கட்டிய பாலம் போன தடத்திலேயே 2001இல் புதிதாகக் கட்டியது. பாலத்தின் மேலேயே 1551இல் கட்டிய சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. யாத்திரிகர்கள் தண்ணீரைத் தாண்டுவதற்கு முன் செபம் செய்யும் இடம்.

ஃபெஃபிக்கோனைத் தாண்டியதும் ஏற்றம். ஏரி மட்டத்திலிருந்து எட்ஸெல் கணவாய் வரை ஏறக்குறைய 540 மீட்டர் ஏற வேண்டும். இந்த நாலு நாளில் உடம்பு முணுமுணுக்கும் முதல் இடம் இதுதான், மெதுவாகப் போங்கள். மேலே புனித மைன்ராட் சிற்றாலயமும் பக்கத்திலேயே விடுதியும் உண்டு. மைன்ராட் என்ற துறவி முதலில் இங்கேதான் தனியாக வாழ்ந்தார். பார்க்க வருபவர்கள் தொல்லை தாங்காமல் 835இல் இன்னும் உள்ளே, ‘இருண்ட காடு’ என்று அழைக்கப்பட்ட இடத்துக்குப் போனார். அந்தக் காடுதான் இன்றைய ஐன்ஸீடெல்ன். 861இல் இரண்டு திருடர்கள் அவரைக் கொன்றார்கள் என்றும், அவர் வளர்த்த இரண்டு அண்டங்காக்கைகள் அவர்களைத் துரத்திக்கொண்டு சூரிச் வரை போய்க் காட்டிக்கொடுத்தன என்றும் கதை. மடத்தின் சின்னத்தில் அந்தக் காக்கைகள் இரண்டும் இன்றும் இருக்கின்றன.

கணவாயிலிருந்து இறங்கினால் ஸீல் ஆற்றின் மேல் கூரை போட்ட ‘பேய்ப் பாலம்’. வைத்தியத்தில் பெயர் பெற்ற பாராசெல்ஸஸ் பிறந்தது இந்தப் பக்கம்தான். அதன் பிறகு நடை சுலபம்.

மொத்தம் 16, 17 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். காலை 9 மணிக்குள் கிளம்பிவிடுங்கள், ஏனென்றால் ஐன்ஸீடெல்ன் மடத்தில் மாலை 4.30க்குத் துறவிகளின் மாலைச் செபம். அது முடிந்ததும் அவர்கள் வரிசையாக நடந்துவந்து மாதா சிற்றாலயத்தின் முன் ‘சால்வே ரெஜினா’ பாடுவார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர் ‘கிருபை தயாபத்து’ என்று சொல்லி வளர்ந்த அதே செபம், லத்தீனில். இதைத் தவறவிட்டுவிட்டு ஐந்தரைக்குக் கோவிலுக்குள் நுழைந்தால் நல்ல கட்டடத்தைப் பார்த்த திருப்திதான் மிஞ்சும்.

கட்டடமும் சாதாரணமானதல்ல. பெனடிக்டின் மடம் 934இல் தொடங்கியது; இப்போதிருக்கும் பரோக் கோவில் 1735இல் அபிஷேகம் ஆனது. உள்ளே நுழைந்ததும் கண் மேலே போய்விடும், கூரை முழுக்க ஓவியமும் சிற்பமும். ஆனால் எல்லாரும் வருவது கறுப்பு மாதாவுக்காக. கோவிலுக்குள் ஒரு குட்டிக் கோவில், அதற்குள் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரச் சிலை, காலத்துக்கேற்ப மாற்றும் சரிகை ஆடை. மெழுகுவர்த்திப் புகையில் நூற்றாண்டுகளாகக் கறுத்துப்போனதாம். 1798இல் பிரெஞ்சுப் படை வந்தபோது ஒளித்து எடுத்துப் போனார்கள். பழுது பார்த்தவர் கறுப்பைச் சுத்தம் செய்துவிட, இது எங்கள் மாதா இல்லை என்று மக்கள் சொல்லிவிடுவார்களோ என்று மறுபடி கறுப்பே பூசினார்கள். சுவிஸில் வாழும் ஈழத்தமிழர்களில் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் இந்த அம்மாவைக் கும்பிட வருகிறார்கள். சிற்றாலயத்தின் முன் சேலையோடு யாராவது முழந்தாளில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வாசல் முற்றத்தில் 14 குழாய் வைத்த மாதா நீரூற்று. ஒன்று விடாமல் எல்லாக் குழாயிலும் ஒரு வாய் குடிப்பது யாத்திரிகர் வழக்கம். பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். செம்மறி வடிவத்தில் செய்த தேன் பலகாரம் ‘ஷாஃப்பொக்’ இந்த ஊருக்கே உரியது; கெடாது, நாளைக்குப் பையில் இருந்தால் உதவும்.

இரண்டாம் நாள்: கணவாய்

நாலு நாளில் கடினமானது இதுதான். ஐன்ஸீடெல்னிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக ஆல்ப்டால் கிராமம் வரை இரண்டரை மணி நேரம், பெரிய ஏற்றம் இல்லை. வழியில் பெனடிக்டின் கன்னியர் மடம் ஒன்று வரும். காலில் கொப்புளம் இருந்தாலோ வானிலை சரியில்லை என்றாலோ ஆல்ப்டால் வரை பஸ்ஸில் போய்விடுங்கள், பாவம் ஒன்றும் சேராது.

ஆல்ப்டாலிலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏறினால் ஹாகெனெக், சுவிஸ் யாக்கோபு பாதை முழுவதிலும் உயரமான இடம். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். மேலே விடுதி இருக்கிறது, ஆனால் அன்று திறந்திருக்குமா என்று முதல் நாளே பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் சின்ன மீட்டென், பெரிய மீட்டென் என்று இரண்டு பாறைச் சிகரங்கள் எழுந்து நிற்கும். பெரிய மீட்டென் உச்சி 1898 மீட்டர். “இவ்வளவு தூரம் வந்தோம், அதையும் ஏறிவிட்டால் என்ன” என்று தோன்றும். வேண்டாம். அது தனியாக ஒரு நாள் வைத்து ஏற வேண்டிய செங்குத்துப் பாதை.

உங்களுக்கு வேலை இனிமேல்தான் இருக்கிறது. ஹாகெனெக்கிலிருந்து ஷ்வீட்ஸ் நகரம் 900 மீட்டர் கீழே. ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று ஆற்றிக்கொள்ளலாம். இறங்கும்போது முழங்கால் வலிக்க ஆரம்பித்தால் நின்றாலும் போகாது. கைக்கோலின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே வழுக்காது. நீளமாக எட்டு வைக்காமல், முழங்காலை லேசாக மடக்கியபடி குட்டிக் குட்டி அடியாக இறங்குங்கள். ஈரமான வேரின் மேல் மிதிக்காதீர்கள். அது கல்லை விட வழுக்கும். இறங்க இரண்டரை மணி நேரம் ஒதுக்கிவிட்டால் அவசரம் வராது. வேகமாக இறங்கி நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் மூன்றாம் நாளைப் பஸ்ஸில் கழிப்பார்கள்.

நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர் ஷ்வீட்ஸ். சந்தைச் சதுக்கத்தில் புனித மார்ட்டின் கோவில். கொஞ்சம் தள்ளி, சுவிட்சர்லாந்தின் தொடக்கம் என்று கருதப்படும் 1291ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகம். இங்கேயே தங்கலாம். காலில் தெம்பு இருந்தால் இங்கென்போல் கன்னியர் மடத்தைத் தொட்டுக்கொண்டு ஒன்றேகால் மணியில் ஏரிக்கரை புருன்னென் போய்விடலாம்.

மூன்றாம் நாள்: கப்பலும் ஏரிக்கரையும்

இன்று இளைப்பாறும் நாள். புருன்னென் துறையில் கப்பல் ஏறினால் பத்து நிமிடத்தில் எதிர்க்கரை ட்ரைப். அந்தக் காலத்து யாத்திரிகர்களும் இங்கே படகில்தான் தாண்டினார்கள், அதனால் ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் வேண்டாம். கால அட்டவணையை முதல் நாள் இரவே பாருங்கள்; கோடைக்கும் மற்ற மாதங்களுக்கும் எண்ணிக்கை வேறு.

ட்ரைப்பிலிருந்து காட்டுக்குள் ஏறி, எம்மெட்டென் கிராமம் வழியாகப் பெக்கென்ரீட்டுக்கு இறங்கி, புவோக்ஸ் வழியாக ஷ்டான்ஸ். பெக்கென்ரீட்டுக்கு முன்னால் ஏரியைப் பார்த்தபடி ரீட்லி மாதா சிற்றாலயம் இருக்கிறது. சாப்பாட்டு மூட்டையை அவிழ்க்க நல்ல இடம். முழங்கால் கெஞ்சினால் புருன்னெனிலிருந்து பெக்கென்ரீட்டுக்கே கப்பலில் போய்விடலாம். அங்கிருந்து ஷ்டான்ஸுக்குப் பஸ்ஸும் உண்டு.

நாலாம் நாள்: ரான்ஃப்ட்

ஷ்டான்ஸிலிருந்து ஃப்ளூயெலிக்குப் போகும் வழிக்குப் புரூடர் கிளவுஸ் பாதை என்று பெயர். மேய்ச்சல் நிலம், பண்ணை வீடு, சிற்றாலயம் என்று ஏறியும் இறங்கியும் போகும். நாலைந்து மணி நேரம் ஆகும்.

புரூடர் கிளவுஸ் என்பவர் நிக்லவுஸ் ஃபான் ஃப்ளூயெ, 1417இல் பிறந்த விவசாயி. போர்வீரர், நீதிபதி, பத்துப் பிள்ளைகளின் தகப்பன். 1467 அக்டோபரில் மனைவி டோரத்தியாவின் சம்மதத்தோடு வீட்டை விட்டுக் கிளம்பினார். தூர தேசம் போக நினைத்தவர், கடைசியில் வந்து சேர்ந்தது சொந்த வீட்டிலிருந்து கால் மணி நடையில் இருக்கும் ஆற்றுப் பள்ளம். அங்கே 20 ஆண்டுகள் தவம் செய்தார். நற்கருணை தவிர எதுவும் உண்ணவில்லை என்பது மக்கள் நம்பிக்கை. 1481இல் சுவிஸ் மாநிலங்கள் தங்களுக்குள் சண்டைக்கு நின்றபோது ஷ்டான்ஸில் கூடியவர்களுக்கு இவர் சொல்லியனுப்பிய ஆலோசனைதான் சமாதானத்தைக் கொண்டுவந்தது. 1947இல் புனிதர் பட்டம். சம்மதம் கொடுத்துவிட்டுப் பத்துப் பிள்ளைகளோடு பண்ணையைப் பார்த்துக்கொண்ட டோரத்தியாவுக்குப் பட்டம் ஏதும் இல்லை. அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளூயெலி ஊருக்குள் அவர் பிறந்த வீடும் குடும்பத்தோடு வாழ்ந்த வீடும் இருக்கின்றன. அங்கிருந்து ரான்ஃப்ட் பள்ளத்துக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம். பையைச் சுமந்துகொண்டு இறங்காதீர்கள், திரும்ப இதே வழியில்தான் ஏற வேண்டும். கீழே சிற்றாலயத்தோடு ஒட்டினாற்போல மரத்தால் ஆன அறை. தாழ்ந்த கூரை, தலை தட்டாமல் நிற்க முடியாது. படுக்கும்போது தலைக்கு வைத்துக்கொண்ட கல் இருக்கிறது. ஒரு சின்ன சன்னல் பீடத்தைப் பார்க்கிறது, இன்னொன்று வெளியே. இரண்டு பேர் உள்ளே நின்றாலே நெருக்கடி. குழுவாகப் போனால் ஒவ்வொருவராக நுழையுங்கள். இன்னும் கீழே மெல்ஷா ஆற்றின் பக்கத்தில் 1501இல் கட்டிய இன்னொரு சிற்றாலயம். ஆற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. இந்த இடத்துக்கு ஒரு மணி நேரமாவது வையுங்கள்.

மேலே ஏறி, பையை எடுத்துக்கொண்டு ஸாக்செல்னுக்கு இறங்கினால் முக்கால் மணி, ஒரு மணி. முடியாவிட்டால் மஞ்சள் போஸ்ட் பஸ் இருக்கிறது. ஸாக்செல்ன் கோவிலில் கறுப்புப் பளிங்குத் தூண்களுக்கு நடுவே அவருடைய கல்லறை. அவர் போட்டிருந்த அங்கியும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட்டில் கடைசி முத்திரையை இங்கேயே குத்திக்கொள்ளலாம்.

ரயில் நிலையம் கோவிலிலிருந்து கொஞ்ச தூரம்தான். லூசெர்ன் நகருக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம், அங்கிருந்து சூரிச். இன்னும் நடக்க ஆசை இருப்பவர்கள் ரயில் ஏறாமல், ஏரியோரமாகக் கிஸ்வில், லுங்கெர்ன் வழியாக 1008 மீட்டர் உயர புரூனிக் கணவாயைத் தாண்டி, இன்டர்லாக்கென் வரை இரண்டு மூன்று நாள் தொடரலாம். ரயில் பாதையும் பெரும்பாலும் கூடவே வருவதால் எந்த ஊரில் வேண்டுமானாலும் நடையை நிறுத்திக்கொள்ளலாம்.